தெருவைப் பார்த்த செருப்புகள்

அண்ணியின் பேத்திக்குத் திருமணம் நிச்சயமான வாரத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வீட்டுக் கூடத்தில் நாங்கள் நால்வர் அமர்ந்து ஒரு படம் பார்த்தோம். நான், என் மகன், மருமகள், அண்ணி. என் மனைவி மறைந்த பிறகு, மொரப்பூருக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் அண்ணிதான் மூத்தவர். நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். தொலைக்காட்சியின் முன் பகற்பொழுதைக் கழிப்பது என் வழக்கமன்று. ஆனால் அன்று காலையில் பங்காளிகள் வந்து கேட்டுவிட்டுப் போன ஒரு கேள்வி கூடத்திலேயே கிடந்தது. அதை யாரும் கையில் எடுக்காமல் இருக்க ஒரு படம் உதவும் என்று மருமகள் நினைத்திருக்க வேண்டும்.

என் அண்ணனுக்குக் காரியம் செய்வது எப்போது என்பதுதான் அந்தக் கேள்வி.

அண்ணன் இறந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலிருக்கும். காரிமங்கலம் சந்தைக்குப் போய் வருகிறேன் என்று புறப்பட்டவர் திரும்பவில்லை. சண்டையில்லை, நோயில்லை. முந்தைய நாள் கிணற்றடியில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் அவர். இடுப்பில் பெண் குழந்தையோடு அண்ணி வாசலில் நின்றார். நெடுங்காலம் தகவல் இல்லாமல் போனவருக்குத் தருப்பையில் உருவம் செய்து எரித்துக் கருமாதி முடித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மகன் இல்லாதவருக்குத் தம்பி செய்ய வேண்டும். நான் செய்யவில்லை.

அதனால் அண்ணி இரண்டும் கெட்ட ஓர் இடத்தில் நின்றார். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. ஆனாலும் விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு ஏந்தி வரும் பெண் அவர் முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்குவாள். சிலர் நீட்டுவார்கள். சிலர் தட்டைச் சற்றே உயர்த்திக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். அண்ணி அப்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார். பேத்தியின் திருமணத்திலோ அவர் முன்வரிசையில் நிற்க வேண்டியவர். சம்பந்தி வீட்டார் பண்பாகத்தான் கேட்டனுப்பியிருந்தார்கள்: பெண்ணின் தாத்தா இருக்கிறாரா, இல்லையா?

அண்ணிதான் காரியம் வேண்டாமென்று தடுக்கிறார் என ஊரார் நம்பினார்கள். நான் அதை மறுத்துப் பேசியதில்லை. உண்மையில் ஒத்திப் போட்டுக்கொண்டு வந்தவன் நான். கடைசிச் சில ஆண்டுகளாக அதற்குக் காரணம், பொம்மிடி ரயில் நிலையத்தில் இருந்த ஒரு மனிதர்.

படம் இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் சேர்த்தது. உண்மையாக வாழ்ந்த இருவரின் கதை என்று தொடக்கத்தில் எழுத்து ஓடியது. வடநாட்டு நகரம் ஒன்றில் பெயர் பெற்ற வழக்கறிஞர் ஒருவர். அவருடைய அலுவலகத்துக்கு எதிரிலுள்ள பாலத்தின் அடியில் படுத்திருக்கும் ஒருவர். மழை நாளொன்றில் இருவரும் ஒரே தேநீர்க் கடையில் ஒதுங்குகிறார்கள், பேச்சு வளர்கிறது, பாலத்தடி மனிதரை வழக்கறிஞர் தம் வீட்டுக்கே அழைத்து வருகிறார். இசை தேவைக்கு மேல் அழுதது. வீடற்றவராக நடித்தவரின் பற்கள் மிக வெண்மையாக இருந்தன. இப்படிக் குறைகளை எண்ணிக்கொண்டே பார்த்தால் ஒரு படத்திலிருந்து விலகி உட்காரலாம் என்பது என் அனுபவம். வழக்கறிஞர் தம் கையாலேயே அவருக்கு முகம் மழித்துவிடும் காட்சி வந்தபோது, என்னால் விலகி உட்கார இயலவில்லை.

அண்ணன் போன நாளிலிருந்து யாரேனும் வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்தில் உங்கள் அண்ணன் சாயலில் ஒருவர். ஓசூரில் கோயில் வாசலில் ஒருவர். போய்ப் பார்த்து வருவது என் பொறுப்பு. நான் பார்த்த அனைவரும் தாடி வளர்த்தவர்கள். அண்ணனுக்கோ தாடையின் அடியில், சிறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்த தழும்பு உண்டு. தாடி இருக்கும்வரை இவரா அவரா என்று சொல்ல இயலாது. ஆகவே ஒரு முறையைக் கைக்கொண்டேன். அந்த மனிதருக்கு உணவு வாங்கிக் கொடுத்துவிட்டு, அருகிலுள்ள சலூனுக்கு அழைத்துச் சென்று முகம் மழிக்கச் செய்வேன். தழும்பு இல்லையென்று கண்டதும், கைகூப்பிவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பேன். வீட்டுக்கு வந்து, "இல்லை" என்று ஒரு சொல் சொல்வேன். அண்ணி தலையசைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார்.

பொம்மிடிக்கு நான் போனபோது பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். நடைமேடையின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்கு அருகே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார் அவர். உயரம் அண்ணனுடையது. தோள் சற்றே கூனியிருந்தது. அழைத்ததும் ஏன் என்று கேட்காமல் எழுந்து வந்தார். சலூன்காரர் என்னை முன்பே அறிந்தவர். வேறொருவரை அவரிடம் அழைத்து வந்ததுண்டு.

"ஏன் சார், ஸ்டேஷன்ல இருக்கற ஆளுங்களுக்கெல்லாம் நீங்கதான் மாப்ள அழைப்புங்களா?" என்றார் கத்தியைத் தீட்டிக்கொண்டே.

நாற்காலியில் அமர்ந்திருந்தவர்தான் முதலில் சிரித்தார். மழித்து முடிந்ததும் நான் அவர் தாடையைத் தூக்கிப் பார்த்தேன். அவரும் கண்ணாடியில் பார்த்தார். விரலால் தடவினார். வழியிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

"இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் சிறிது நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கன்னடம் கலந்த தம் பேச்சில், "ஸ்வல்ப நேரம் நாந்தானோன்னு நெனச்சிட்டேனுங்க" என்றார்.

அவ்வாறு என்னிடம் அதுவரை எவரும் சொன்னதில்லை. அன்று அடுத்த வண்டியை நான் பிடிக்கவில்லை.

பல் மருத்துவரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை பொம்மிடிக்குப் போகலானேன். என் நிலையில் உள்ள ஒருவர் ரயில் நிலையத்துச் சாக்கின் அருகே அமர்ந்து பேசுவதை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் காணாமற்போனதே பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது. மற்றொன்றை நான் சேர்ப்பதற்கில்லை. படத்தில் வரும் வழக்கறிஞர் தம் நண்பரைக் கைபிடித்து விருந்துக்கு அழைத்து வருகிறார். விருந்தினர் முகம் சுளிக்க, அவர் நிமிர்ந்து நிற்கிறார். அது அவருடைய நகரம். எங்கள் பக்கத்தில் நான் பயணிகள் அமரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் கீழே தம் சாக்கில் உட்கார்ந்தார். வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் வேறொருவர் பேச்சுக் கொடுப்பதுபோல இருந்தது. அந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர் அவர்தான்.

அவர் தம்மைப் பற்றிப் பேசியதில்லை. "அண்ணன் வெசயம் சொல்லுங்க" என்பார். நானும் சொன்னேன். மாட்டின் நெற்றியோடு நெற்றி வைத்துப் பேசும் பழக்கம், சீட்டியடித்தால் அப்பா திட்டுவாரென்று வரப்பைத் தாண்டிப் போய்ச் சீட்டியடித்தது, நான் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்ட அன்று பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மொரப்பூர் நிலையம்வரை அவர் நடந்து வந்தது. என் மனைவியிடம்கூடச் சொல்லாதவை. கேட்டவர் ஒன்றையும் மறப்பதில்லை. அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து கேட்பார்.

ஒருநாள் நான் நடைமேடையில் நடந்து வரும்போது, அவருடைய ரப்பர்ச் செருப்புகள் சாக்கின் ஓரத்தில் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. குதிகால் உள்ளே, விரல்கள் வெளியே. எழுந்தவுடன் மாட்டிக்கொண்டு புறப்பட ஏதுவாக.

அண்ணன் அப்படித்தான் வைப்பார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் குனிந்து அதைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வேறு எவரும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. அதை நான் அவரிடம் சொன்னதும் இல்லை. சொன்னவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் திருப்பிப் பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று என்ன பேசினேன் என்பது நினைவில்லை. ஊர் திரும்பியதும், மருத்துவரான நண்பர் ஒருவரிடம், வேறு யாருக்காகவோ கேட்பதுபோல, சிறுவயதுத் தழும்பு முதுமையில் மறையுமா என்று கேட்டேன். தோல் தளர்ந்தால் மங்கக்கூடும் என்றார். பேச்சில் கலந்த கன்னடத்துக்கும் காரணம் கண்டுபிடித்தேன்: அத்தனை ஆண்டுகள் எல்லைக்கு அப்பால் இருந்தால் யாருக்குத்தான் கலக்காது? மறந்துபோனவர் தாமே அறியாமல் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருக்கலாம் அல்லவா? அதன் பிறகு பங்காளிகள் காரியம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொம்மிடி நடைமேடை தெரிந்தது. உயிரோடு சாக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும் எப்படி விடுவது?

கேட்டுத் தெளிவது என்று முடிவு செய்து போன நாளில் சாக்கு இல்லை. காய்ச்சல் கண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே முடிந்துவிட்டது, கேட்பாரற்ற உடல்களை அடக்கம் செய்பவர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். எங்கே என்பது அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் தூக்கம் கெட்டவன் ஆனேன். எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனிக்காமல் இன்றுவரை நான் உள்ளே நுழைந்ததில்லை.

இவ்வளவும் மனதில் ஓடி முடிவதற்குள் திரையில் வேறு காட்சி வந்துவிட்டது. முகம் மழித்த அந்த மனிதர் முதன்முறையாக வழக்கறிஞரின் வீட்டுப் படியேறுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். உள்ளே போகத் தைரியம் வராமல் திரும்பிப் பார்க்கிறார். பிறகு குனிந்து, செருப்பைத் தெருவை நோக்கித் திருப்பி வைக்கிறார்.

"பொம்மிடிக்காரரும் இப்படித்தான் வெப்பாரு" என்றார் அண்ணி.

மருமகள் யாரென்று கேட்டாள்.

"ஸ்டேஷன்ல ஒருத்தரு. தம்பிக்குத் தெரியும்."

மகன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். படம் முடிந்து, மெய்யாக வாழ்ந்த அந்த இருவரும் தோளோடு தோள் நிற்கும் பழைய புகைப்படம் வந்து மறையும்வரை அசையவில்லை.

பின்கட்டில் அண்ணி துவரை உரிக்க உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டேன். செருப்பு விஷயத்தைப் பொம்மிடிக்காரரிடம் சொன்னது யார் என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றார் அண்ணி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் போய்ப் பார்த்து 'இல்லை' என்று வந்து சொன்ன பிறகு, தாமும் ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்திருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகும்போது பொம்மிடியில்தான் அவர் இறங்க வேண்டும். பார்த்தவுடனே தெரிந்துவிட்டதாம், இவரில்லை என்று. "தழும்பெல்லாம் எனக்கு வேணுமாங்க தம்பி? நடந்து வர்றத பாத்தாலே தெரியாதா? ஆனா வுட்டுட்டு வர மனசு வரல." அதன் பிறகு தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் களியோ சோறோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சிறிது நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

"பேரு என்னங்கம்மான்னு ஒருக்கா கேட்டாரு, உங்க அண்ணன் பேர. நான் எந்தக் காலத்துல அவரு பேரச் சொன்னேன்? தம்பியக் கேட்டுக்குங்கன்னு சொல்ல வந்து வாய மூடிக்கிட்டேன்."

இந்த இடத்தில் அண்ணி சிரித்தார். கணவன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவருடையது. கணக்கெடுக்க வருபவர்கள் கேட்டால்கூட என்னைக் கைகாட்டுவார்.

"செருப்பு?" என்றேன்.

"தெருப்பக்கம் திருப்பி வெச்சிட்டுத்தான் வூட்டுக்குள்ளயே வருவாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்னு சொன்னேன். மறுவாட்டி போனா, அவரு செருப்ப அதே மாரி வெச்சிருக்காரு. ஏங்க இப்படின்னு கேட்டேன். நீங்க பாத்தா ஸ்வல்பம் நல்லா இருக்குமேன்னு வெச்சேன்னாரு."

என் பல ஆண்டுச் சந்தேகம் துவரைத் தோலோடு முறத்தில் விழுந்துவிட்டது. அவர் என் அண்ணன் அல்லர். எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது, நின்றுவிட்டும் போயிற்று. அண்ணன் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்து, என் பேச்சைக் கேட்டுச் சிரித்து, அண்ணியின் சோற்றைத் தின்று இறந்தார் என்ற ஒரு வழி அதுவரை திறந்திருந்தது. அன்று அது மூடிக்கொண்டது. அண்ணன் மறுபடியும் காரிமங்கலம் சாலையில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

மற்றொன்றும் அப்போது விளங்கிற்று. நான் வருவதை அவர் அண்ணியிடம் சொல்லவில்லை. அண்ணி வருவதை என்னிடம் சொல்லவில்லை. எங்கள் இருவருடைய மானத்தையும் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தபடி அவர் காப்பாற்றியிருக்கிறார்.

"இப்ப எப்படி இருக்காருங்க? முட்டி வலி வந்ததுல இருந்து நான் அந்தப் பக்கமே போகல" என்றார் அண்ணி.

சொன்னேன். அவர் கை நின்றது. முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார்.

"செத்தது தெரிஞ்சவருக்கு ஒரு வாய்த் தண்ணி வுட ஆளில்ல. செத்தாரோ இருக்காரோ தெரியாதவருக்குச் செய்யச் சொல்லிக் காலைல இருந்து நாலு பேரு வந்து நிக்கறாங்க. மொதல்ல அந்த மனுசனுக்குச் செய்யுங்க தம்பி. அப்புறம் என்னையக் கேளுங்க."

ஆடி அமாவாசைக்குத் தென்பெண்ணையாற்றங்கரையில் செய்வதென்று பங்காளிகளிடம் நானே போய்ச் சொன்னேன். யாருக்கு என்பதையும் மறைக்கவில்லை. இத்தனை காலம் ஒரு பெஞ்சுக்கும் சாக்குக்கும் இடையே வைத்திருந்ததை அவ்வளவு பேர் முன்னிலையில் சொல்ல நேர்ந்தபோது, என் குரல் வகுப்பறையில் ஒலிப்பதுபோல் ஒலித்தது. மூத்த பங்காளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, படிச்சவன் நீ. ஸ்டேஷன்ல கெடந்தவனுக்கு நம்ம வம்சத்துல தண்ணி வுடறதா? அவன் என்ன சாதியோ, என்ன எழவோ. நாளைக்கு ஊர்ல என்ன பேசுவான்?"

"வர்றவங்க வரலாங்க. வராட்டியும் நடக்கும்" என்றேன். "எனக்கு அவரு சிநேகிதரு."

அந்தச் சொல்லை அவரைக் குறித்து நான் சொன்னது அதுவே முதல் முறை. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

மூத்த பங்காளியும் வந்தார். எப்படித்தான் செய்கிறான் பார்ப்போம் என்று வந்தாரோ என்னவோ, வந்தார். ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி ஓடியது. காரியம் செய்துவைப்பவர் மணலில் இலை விரித்து, பச்சரிசியும் எள்ளும் பிசைந்து வைத்து, என் விரலில் தருப்பையை மாட்டினார். பெண்கள் கரைமேல் நின்றார்கள்.

"போனவரு பேரு சொல்லுங்க" என்றார்.

என்னிடம் பெயர் இல்லை. அத்தனை முறை அருகில் உட்கார்ந்தும் நான் கேட்கவில்லை. முதலில் அவர் என் அண்ணனாக இருக்கக்கூடும் என்பதால் கேட்கவில்லை. பிறகு அல்லர் என்பதால் கேட்கவில்லை. அதற்கும் பிறகு, கேட்டால் வேறொரு பெயர் வந்துவிடுமோ என்பதால் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கையில் ஏந்திய தண்ணீர் விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. காரியம் செய்துவைப்பவர் இரண்டாம் முறையும் கேட்டார். பின்னால் மூத்த பங்காளி கனைக்கும் ஒலி கேட்டது.

அப்போது கரைமேலிருந்து அண்ணி ஒரு பெயரைச் சொன்னார்.

அது என் அண்ணனின் பெயர். அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுமையாக, தெளிவாக. அந்தப் பெயரை அவர் குரலில் நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அங்கிருந்த எவரும் கேட்டதில்லை. அண்ணியின் மகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். காரியம் செய்துவைப்பவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அந்தப் பெயரைச் சொல்ல, நானும் திருப்பிச் சொல்லி, தண்ணீரை விட்டேன். கண்ணாடி முன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தவருக்கு, சிறிது நேரம் தாமோ என்று அவர் எண்ணிய ஆளின் பெயர் போய்ச் சேர்ந்தது.

திரும்பிப் பார்க்காமல் கரையேறினோம். வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுத்து என்ன செய்வது என்று மூத்த பங்காளி அண்ணியிடமே கேட்டார். காரியம் ஆனதா, ஆகவில்லையா என்பது அவருக்கு விளங்கவில்லை.

"பேரைக் குடுத்துட்டனுங்க மாமா. ஆளு எங்க இருந்தாலும் இருக்கட்டும்" என்றார் அண்ணி.

மாலையில் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், வெளியே வந்தபோது கழுத்தில் தாலி இல்லை. யாரையும் கழற்றவிடாமல் தாமே கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்திருந்தார். நெற்றிப் பொட்டு அப்படியே இருந்தது. அது பிறந்த வீட்டிலேயே வைத்தது, கணவரோடு வந்ததல்ல என்று மருமகளிடம் சொன்னாராம்.

ஆவணியில் திருமணம் நடந்தது. பெண்ணின் தாத்தா இருக்கிறாரா என்று சம்பந்தி வீட்டார் மறுபடியும் கேட்கவில்லை. காரியம் நடந்த செய்தி எப்படியோ அவர்களை எட்டியிருந்தது. முகூர்த்தத்துக்கு முன் குங்குமத் தட்டோடு வந்த பெண் அண்ணியின் எதிரில் நின்றாள். அவள் கண் நெற்றிக்கும் கழுத்துக்கும் போய் வந்தது. நான் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி இம்முறை சேலைத் தலைப்பைத் தொடவில்லை. கையை நீட்டி, தாமே தட்டிலிருந்து விரலால் எடுத்து வைத்துக்கொண்டார். தட்டு அடுத்தவரிடம் போயிற்று.

நான் வெளியே வந்தேன். மண்டப வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மூக்கு மண்டபத்தை நோக்கிக் கிடந்தன. குவியலுக்குச் சற்று அப்பால் ஒரு ஜோடி மட்டும் தனியே இருந்தது. தேய்ந்த தோல் செருப்பு. தெருவை நோக்கித் திருப்பி, ஒன்றையொன்று ஒட்டி வைத்திருந்தது.

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போட என்னைத் தேடுவார்கள் என்று தெரிந்தும் நான் அங்கேயே நின்றேன். மகன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனான். பந்தி முடிந்து நான் மீண்டும் வாசலுக்கு வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. யார் மாட்டிக்கொண்டு போனார் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை.